கால்வாய்க் கரையில் ஒரு சைக்கிள் சவாரி

வளைகுடாவில் பல்லாண்டு உழைத்து, லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பிய பெரியவரே! சர்க்கரையும் மூட்டுவலியும் தங்களைத் திண்ணையில் முடக்கிவிட்டனவா? சுபுஹுத் தொழுகைக்குப் பின் சைக்கிளை எடுங்கள். தொழுதூர் அணைக்கட்டில் பிரியும் வெள்ளாற்று நீர், 1923-இல் கட்டி முடிக்கப்பட்ட வெலிங்டன் ஏரிக்குக் கால்வாய் வழியே செல்கிறது. நீரோடும் கரையில் மேடு ஏது? மூச்சிரைக்காது. உடற்பாரத்தை இருக்கை தாங்குவதால் முழங்காலுக்கும் நோவு குறைவு. பெடல் கீழே வரும்போது கால் சற்றே மடங்கியிருக்குமாறு இருக்கையை உயர்த்திக்கொள்ளுங்கள்.

விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் நியாயமானதே. காலைத் தூக்கிக் கம்பியைத் தாண்டுவதுதான் முதுமையில் இடர். ஆகவே நடுக்கம்பியற்ற பெண்கள் சைக்கிளே உத்தமம். பேரர்கள் நகைத்தால் நகைக்கட்டும்! இன்சுலின் போடுவோர் வெறும் வயிற்றில் கிளம்பலாகாது. சட்டைப்பையில் மிட்டாய் இருக்கட்டும். கைநடுங்கி வியர்த்தால் உடனே இறங்கி, அதை வாயிலிடுங்கள்.