திருமயத்துக் குரலும் புதுக்கோட்டைக் குரலும்

1920-களின் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பேச்சுக்கு இருந்த மதிப்பு வாக்குக்கு இல்லை. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரட்டை ஆட்சியில் கல்வி, உள்ளாட்சி, பொது சுகாதாரம் முதலியவை மந்திரிகளிடம் வந்தன. நிதியும் போலீசும் கவர்னர் பக்கமே நின்றன. அந்தத் துறைகளுக்கான தொகையை உறுப்பினர்கள் வெட்டினாலும் கவர்னர் திரும்பச் சேர்த்துவிடலாம். அப்படிப்பட்ட அரசைக் கவிழ்க்க முடியாது. பதில் சொல்லவைத்துத் திணறடிக்கலாம்.

அந்த அவையில் பேர் வாங்கிய இருவர் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்காரர்கள்: 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1887-இல் திருமயத்தில் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி. இருவரும் மகாராஜா கல்லூரி மாணவர்கள். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் சேர முத்துலட்சுமிக்கு மகாராஜாவின் தனி அனுமதி வேண்டியிருந்தது.

சத்தியமூர்த்தி 1923-இல் சுயராஜ்யக் கட்சிக்காரராக அவைக்கு வந்தார். சுகுண விலாச சபை நாடகங்களில் நடித்துப் பழகிய குரல் அவருடையது. அவை நடவடிக்கை ஆங்கிலத்தில். அது வராதவர்கள் மட்டும் தாய்மொழியில் பேசலாம். அவருக்கோ இரு மொழியும் ஒருபோலக் கைவந்திருந்தன. ஆனாலும் நீண்ட உரைகளைவிடக் கேள்வி நேரத்தில்தான் அவருடைய திறமை முழுதாகத் தெரிந்தது. எழுத்தில் முன்கூட்டியே கொடுத்த கேள்விக்கு அதிகாரிகள் பதில் எழுதித் தந்துவிடுவார்கள். உடனே எழும் துணைக் கேள்விக்குக் கையில் காகிதம் இருக்காது. அந்த இடைவெளிதான் அவருடைய களம். 1934-இல் மத்திய சட்டமன்றத்துக்குப் போனபின் டில்லியிலும் அதே முறையைத் தொடர்ந்தார்.

முத்துலட்சுமியின் வழி வேறு. 1926-இல் நியமன உறுப்பினரானவர்; மறு ஆண்டே துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கட்சி பலம் கிடையாது. மருத்துவர் என்ற முறையில் தாம் கண்டதை அடுக்கிவைப்பதே அவருடைய பேச்சு. 1927 நவம்பரில், சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்குத் தேவதாசிகளாக நேர்ந்துவிடும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். கோயில் மரபின் பெயரால் எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் சத்தியமூர்த்தி. அப்போது முத்துலட்சுமி கொடுத்ததாக ஒரு சூடான பதிலடி இன்றும் மேடைதோறும் சொல்லப்படுகிறது. கைதட்டலுக்கு அது போதும். விவாதத்தின் கனமான பகுதி நிலத்தைப் பற்றியது.

தேவதாசிகள் பலர் கோயில் பணிக்கு ஈடாக இனாம் நிலம் அனுபவித்தனர். பணியை விட்டால் நிலம் போய்விடும்; எனவே அடுத்த தலைமுறைப் பெண்ணுக்குப் பொட்டுக்கட்டுவது சொத்தைக் காக்கும் ஏற்பாடாகவும் இருந்தது. முத்துலட்சுமி முன்னின்று கொண்டுவந்த 1929-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் நிலத்தையும் பணியையும் பிரித்தது. பணி செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்றானதும், மரபுக்கு அடியில் இருந்த பொருளாதாரக் கட்டு தளர்ந்தது. ஒழுக்கத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருந்தாலும் இது நடந்திருக்காது.

அமெரிக்க செனட்டில் 1830-இல் டேனியல் வெப்ஸ்டரும் ராபர்ட் ஹெய்னும் மோதிய புகழ்பெற்ற விவாதமும் மேற்குப் பகுதி அரசு நிலங்களின் விற்பனையில்தான் தொடங்கியது. வெப்ஸ்டரின் பதிலுரை இரண்டு நாள் நீண்டு, ஒன்றியமா மாநிலங்களா என்ற கேள்வியில் போய் முடிந்தது. சென்னையில் போக்கு நேர்மாறு: தர்மம், மரபு என்று விரிந்த பேச்சை முத்துலட்சுமி இனாம் நிலத்துக்கு இறக்கிக் கொண்டுவந்தார்.

1930-இல் காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவி விலகினார். பொட்டுக்கட்டுதலை முழுதாகத் தடைசெய்யும் சட்டம் 1947-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் நிறைவேறியது. சத்தியமூர்த்தி 1943-லேயே மறைந்திருந்தார்.