இருமினால் வரும் தொல்லை!
ஸ்கேன் காட்டிய உண்மை

இருமினால் ஒரு சொட்டு. தும்மினால் ஒரு சொட்டு. வாய்விட்டுச் சிரித்தாலும், பாரம் தூக்கினாலும் துணி நனைந்துவிடுகிறது. பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. ஆனால், வெளியே சொல்ல வெட்கம்! நாலு பேர் கூடும் இடத்துக்குப் போகவும் பயம்.

காரணம் என்ன?

சிறுநீர்ப்பையிலிருந்து நீர் வெளியேறும் குழாய், பெண்களுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம்தான். அடியில் உள்ள தசைகள் அதைத் தொட்டில்போல் தாங்குகின்றன. பிரசவத்தாலும் வயதாலும் அந்தத் தொட்டில் தளர்ந்துவிடும். இருமும்போது வயிறு பையை அமுக்குகிறது. குழாய் சரிகிறது, நீர் கசிகிறது.

இரண்டு ஆபரேஷன்கள்

1961-ல் அமெரிக்க டாக்டர் ஜான் பர்ச் ஓர் ஆபரேஷன் முறையை வெளியிட்டார். சரிந்த பையின் கழுத்தை மேலே தூக்கித் தையல் போட்டு நிறுத்துவதே அது. பலருக்குக் குணமாயிற்று. கழுத்தைத் தூக்கினால்தான் கசிவு நிற்கும் என்று டாக்டர்கள் எண்ணினார்கள்.

1996-ல் சுவீடன் நாட்டு டாக்டர் உல்ஃப் உல்ம்ஸ்டன் வேறு முறையை வெளியிட்டார். பிளாஸ்டிக் இழையால் பின்னிய, சுமார் 1 சென்டிமீட்டர் அகல நாடாவைக் குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் வைத்தார். இழுத்துக் கட்டவில்லை, தளர்வாகவே விட்டார். கசிவு நின்றது! எப்படி?

கொதிகலனும் கட்டியும்

இதற்கு விடை தந்தது ஸ்கேன். அது பிறந்த கதை சுவையானது. கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் அயன் டொனால்டு, 1955-ல் ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார்! உலோகத்தில் உள்ள விரிசலை, காதுக்குக் கேளாத ஒலியால் கண்டுபிடிக்கும் கருவி அங்கே இருந்தது. அந்த ஒலி கட்டிகளிலும் பட்டு எதிரொலித்தது. வயிற்றுக்குள் எடுத்த ஒலிப் படங்களை 1958-ல் அவரும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்டார்கள்.

“இருமுங்கள் அம்மா!”

இந்தத் தொல்லைக்கு ஸ்கேன் எடுக்கும்போது, கருவியின் முனையை உடம்பின் வெளிப்புறத்தில், தொடைகளுக்கு நடுவே வைக்கிறார்கள். கத்தி இல்லை. “இருமுங்கள் அம்மா” என்கிறார் டாக்டர். பையும் குழாயும் அசைவது அப்படியே திரையில் தெரிகிறது. எக்ஸ்ரேயில் தெரியாத நாடா, இதில் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது.

நாடா வைத்துக் குணமானவர்களை இப்படிப் பார்த்தபோது உண்மை புலப்பட்டது. பையின் கழுத்து உயரவே இல்லை. இருமினால் முன்போலவே சரிந்தது! ஆனால், சரியும் குழாய் நாடாவின் மேல் பட்டு மடங்கியது. அந்த நொடியில் வழி அடைபட்டது.

ரப்பர் குழாயைத் தலையணைமேல் வைத்து அழுத்தினால் நீர் நிற்காது. பலகைமேல் வைத்து அழுத்தினால் நின்றுவிடும். நாடாதான் அந்தப் பலகை!

ஆபரேஷனுக்குப் பிறகும் கசிந்தாலோ, நீர் பிரியாவிட்டாலோ, நாடா சரியான இடத்தில் இருக்கிறதா, இறுகிவிட்டதா என்று ஸ்கேன் காட்டிவிடும்.

முதலில் பயிற்சி

நாடாவால் தீராத வலிக்கு ஆளானவர்களும் உண்டு. அதனால் 2018-ல் இங்கிலாந்தில் அந்த ஆபரேஷன் பெரும்பாலும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே எடுத்ததும் ஆபரேஷன் என்று போகவேண்டாம். நீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை, அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் 1948-லேயே எடுத்துரைத்தார். 3 மாதம் விடாமல் செய்தால் பலருக்குக் குணம் தெரியும்.

எதற்கும் முதற்படி ஒன்றுதான்: வெட்கத்தை விட்டு டாக்டரிடம் வாய் திறந்து சொல்லவேண்டும்!