மேடை போட்டால் சண்டை, வழி விட்டால் வழக்கம்

வீதி யாருக்கு? – 12

சென்ற வாரம் நடைபாதையோடு நின்றுவிட்டோம். இந்த வாரம் தெருவின் நடுவுக்கே இறங்கிவிடலாம்.

தெருவை அடைப்பது நமக்குப் புதிதில்லை. கல்யாணம் என்றால் ஷாமியானா, துக்கம் என்றாலும் ஷாமியானா, ஆடி மாதம் கூழ் ஊற்றப் பந்தல், கட்சித் தலைவர் வந்தால் மேடை. இரண்டு இரும்புத் தடுப்பு, ஒரு போலீஸ்காரர், வேலை முடிந்தது. பைக்கில் வந்தவர் முணுமுணுத்தபடி அடுத்த சந்தில் திரும்பிப் போவார். ஆனால், “ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் இந்தச் சாலையில் கார் வேண்டாம், ஜனங்கள் நடக்கட்டும், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டட்டும்” என்று மாநகராட்சி சொல்லிப் பார்க்கட்டும். குடியிருப்போர் சங்கம் அவசரமாகக் கூடும். ஆம்புலன்ஸ் எப்படி வரும்? கடைக்கு யார் வருவார்கள்? முழங்கால் ஆபரேஷன் ஆன அப்பாவைக் கோயிலுக்கு எப்படிக் கூட்டிப்போவது? எங்கள் தெருதான் கிடைத்ததா?

இப்படிக் கேட்பவர்களையெல்லாம் காருக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் எல்லாமே பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகள். ஒரு நகரம் ஐம்பது வருஷமாக, வாரா வாரம், இவற்றுக்குத் தெருவிலேயே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா. ஆண்டீஸ் மலையில் 2,600 மீட்டர் உயரத்தில், நம் ஊட்டியைவிட மேலே உட்கார்ந்திருக்கிறது. ஜனத்தொகை ஏறக்குறைய 80 லட்சம். வாகன நெரிசலுக்குப் பேர்போன ஊர். அங்கே 1974 டிசம்பர் 15 அன்று, அமெரிக்காவில் கட்டடக்கலை படித்துவிட்டுத் திரும்பியிருந்த ஹைமே ஒர்த்திஸும் நண்பர்களும் நகராட்சியிடம் அனுமதி வாங்கி, இரண்டு பெரிய சாலைகளைச் சில மணி நேரத்துக்குக் கார்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். நகரத்தைக் காருக்காகவே கட்டிக்கொண்டு போகிறார்களே என்ற எதிர்ப்பைக் காட்ட நினைத்த சைக்கிள் ஊர்வலம் அது. ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது. 1976-ல் மேயர் அதற்கு அரசாணை போட்டார். சிக்லோவியா என்ற பெயரில் 1980-களில் அது வளர்ந்தது, பிறகு தேய்ந்தது. 1990-களின் நடுவில் நகரத்தின் பூங்காத் துறைக்குப் பொறுப்பேற்ற கில்யெர்மோ பெனலோசா அதைத் தூக்கி நிறுத்தினார். இன்று ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாவற்றிலும் காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை 120 கிலோமீட்டருக்கு மேல் சாலை மக்களுக்கு. வருஷத்தில் சுமார் 70 நாள்.

120 கிலோமீட்டரை அடைத்தால் ஊர் ஸ்தம்பித்துவிடாதா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. நடுவில் தடுப்புள்ள பெரிய சாலைகளில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மறுபக்கம் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். குறுக்குச் சாலைகளையும் மூடுவதில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் சீருடை அணிந்த இளைஞர் ஒருவர் கையில் ‘நில்’ பலகையோடு நிற்பார். அவர் பலகையைத் தூக்கினால் சைக்கிள்காரர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்பார்கள். ஸ்கேட்டிங் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பார்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த அம்மா ஓரமாக ஒதுங்குவார். பஸ்ஸும் காரும் குறுக்கே கடந்து போகும். பலகை இறங்கும். மறுபடி ஓட்டம். ஓரத்தில் பழச்சாறு விற்பவர்கள், பஞ்சர் ஒட்டுபவர்கள். பூங்காக்களில் ஏரோபிக்ஸ் வகுப்பு, அதுவும் நகராட்சி செலவில். இரண்டு மணி அடித்ததும் தடுப்புகள் போய்விடும், கார்கள் வந்துவிடும்.

செலவுக் கணக்கும் பார்த்திருக்கிறார்கள். 2012-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வின்படி, பொகோட்டா இதற்காகச் செலவழிப்பது பங்கேற்கும் ஒருவருக்கு வருஷத்துக்கு 6 டாலர். போடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் மூன்று முதல் நான்கு டாலர் வரை மிச்சமாகிறது.

இதனால் அங்கே சச்சரவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நெரிசலைக் காரணம் காட்டி சிக்லோவியாவில் கை வைக்க நாடாளுமன்றத்திலேயே ஒரு முறை முயற்சி நடந்தது. ஜனங்கள் கொதித்தெழ, அது கைவிடப்பட்டது. இன்னொரு சச்சரவு இன்றும் ஓயவில்லை. 2000 பிப்ரவரியில் அன்றைய மேயர் என்ரிக்கே பெனலோசா (கில்யெர்மோவின் அண்ணன்தான்) ஒரு வியாழக்கிழமை முழுவதும் நகரத்தில் தனியார் கார் ஓடக் கூடாது என்றார். அதே ஆண்டு அக்டோபரில் பொதுவாக்கெடுப்பு வைத்து, வருஷத்தில் ஒரு நாள் இப்படி நடக்கட்டும் என்று ஜனங்களிடம் ஒப்புதலும் வாங்கினார். பிப்ரவரி முதல் வியாழன் கார் இல்லா நாள் ஆனது. ஆனால் ஃபெனால்கோ என்ற வணிகர் கூட்டமைப்பு, விற்பனை படுத்துவிடுகிறது என்று வருஷா வருஷம் எதிர்ப்புக் குரல் கொடுக்கிறது.

அதே ஊர், அதே ஜனம். வருஷத்துக்கு எழுபது நாள் நடப்பதை ஏற்றுக்கொண்டவர்கள், ஒரே ஒரு நாளுக்குக் கொடி பிடிக்கிறார்கள். கார் மீதுள்ள பாசம் வியாழக்கிழமை மட்டும் பொங்குமா என்ன? ஞாயிற்றுக்கிழமையின் சிரமம் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துவிடுகிறது. வியாழக்கிழமையின் சிரமம் கடைக்காரர் தலையில் வந்து இறங்குகிறது. தெருவடைப்பு விவாதம் எங்கே நடந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: சிரமம் யார் தலையில்?

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ உதாரணம். அங்கே பசிபிக் கடலோரமாகக் கிரேட் ஹைவே என்ற சாலை. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது மக்கள் நடக்கட்டும் என்று காருக்கு மூடினார்கள். 2021-ல் ஒரு சமரசம் வந்தது: வேலை நாட்களில் காருக்கு, வார இறுதியில் மக்களுக்கு. இரு தரப்பும் முணுமுணுத்தபடி ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. அதைக் கலைத்து, நிரந்தரமாக மூடிப் பூங்காவாக்கலாமா என்று 2024 நவம்பரில் நகரம் முழுவதும் வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 55 சதவீதம் பேர் ‘சரி’ என்றார்கள். ஆனால் அந்தச் சாலையை ஒட்டி வாழும் சன்செட் பகுதிக்காரர்களில் பெரும்பான்மையோர் ‘வேண்டாம்’ என்றே வாக்களித்திருந்தார்கள். தினமும் வேலைக்குப் போக அவர்கள் நம்பியிருந்த சாலை அது. தீர்மானித்தவர்களோ நகரத்தின் மறுகோடியிலிருந்து எப்போதாவது கடற்காற்று வாங்க வருபவர்கள். 2025 ஏப்ரலில் பூங்கா திறந்தது. செப்டம்பரில், அந்தத் திட்டத்துக்குத் துணை நின்ற பகுதிப் பிரதிநிதி ஜோயல் எங்கார்டியோவைத் தொகுதி மக்கள் வாக்குப் போட்டுப் பதவியிலிருந்தே இறக்கிவிட்டார்கள். பூங்கா கிடைத்தது, பகையும் கூடவே வந்தது.

இனி நம் பக்கம். பொகோட்டாவைப் பார்த்து 2013 நவம்பரில் குர்கானில் ‘ராஹ்கிரி’ தொடங்கியது. அடுத்த ஆண்டே டெல்லி கன்னாட் பிளேஸுக்கு வந்தது. அங்கே வியாபாரிகள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். 2017-ல் கன்னாட் பிளேஸின் உள்வட்டத்தை மூன்று மாதம் வாகனம் இல்லாமல் வைத்துப் பார்க்கலாம் என்று அறிவித்தபோது அதே வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள். திட்டம் நடக்காமலே போனது. சென்னையில் 2014-ல் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் கார் இல்லா ஞாயிறு தொடங்கியது. 2022-ல் அண்ணா நகர் இரண்டாவது அவென்யூவில் ‘ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ்’. பிறகு கோவை, மதுரை என்று பரவியது.

ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ் நடந்த காலைகளை வீடியோவில் பார்க்காதவர்கள் குறைவு. மேடை, ராட்சத ஸ்பீக்கர், டிஜே, ஆடுகிற இளைஞர் கூட்டம். எனக்கும் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊரில் காசில்லாமல் ஆடிப்பாட ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அந்தத் தெருவில் வசிப்பவர்களின் கோணத்திலிருந்தும் பாருங்கள். வாரத்தில் தூங்கக் கிடைக்கும் ஒரே காலையில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. கொஞ்ச தூரம்தான் அடைத்திருப்பார்கள், ஊரே அங்கே வந்து குவியும். எதில் வருவார்கள்? பைக்கிலும் காரிலும். பக்கத்துத் தெருக்களில் வீட்டு வாசலையெல்லாம் மறித்து வண்டியை நிறுத்திவிட்டு, வண்டி இல்லாத தெருவில் நடந்துவிட்டுப் போவார்கள்.

பொகோட்டாவின் பலம் நீளத்தில் இருக்கிறது. 120 கிலோமீட்டர் என்பதால் கூட்டம் எங்கேயும் தேங்குவதில்லை. யாரும் வண்டி பிடித்து வர வேண்டியதில்லை, வீட்டு வாசலிலிருந்தே இறங்கிவிடலாம். நகரத்தின் பணக்கார வடக்கையும் ஏழைத் தெற்கையும் ஒரே வழி தொட்டுக்கொண்டு போகிறது. ஓடுகிற கூட்டத்துக்கு மேடை தேவைப்படுவதில்லை. ஆம்புலன்ஸ் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. நகர்ந்துகொண்டிருக்கும் சைக்கிள்கள் சைரன் கேட்டால் நொடியில் ஒதுங்கும். மேடையும் அதன் முன்னால் நெருக்கியடித்து நிற்கும் கூட்டமும் ஒதுங்குமா?

இரண்டாவது, ஒழுங்கு. இதை நாம் பொகோட்டாவிடம் கற்க வேண்டியதில்லை; மயிலாப்பூரே போதும். பங்குனிப் பெருவிழாவின் பத்து நாளும் கபாலீஸ்வரர் கோயிலின் மாட வீதிகள் சாமிக்குத்தான். ஏழாம் நாள் தேர். எட்டாம் நாள் அறுபத்துமூவர் விழாவுக்குச் சுற்றுவட்டாரமே ஸ்தம்பிக்கும், பஸ்கள் வேறு வழியில் திரும்பும். யாராவது ‘எங்கள் தெருதான் கிடைத்ததா’ என்று கேட்கிறார்களா? பஞ்சாங்கத்தில் இருக்கிறது. எந்த நாள், எந்த நேரம், எந்த வீதி என்று ஒரு வருஷத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு வீடு மாற்றுவதற்கு யாரும் நாள் குறிக்க மாட்டார்கள். தெருக்காரர்களே வாசலில் நீர்மோர்ப் பந்தல் போட்டு வருகிறவர்களை உபசரிக்கிறார்கள். முன்கூட்டித் தெரிந்த சிரமத்துக்கு மனிதர்கள் பழகிக்கொள்வார்கள். திடீரென்று வந்து விழும் சிரமத்துக்குத்தான் மனு எழுதுவார்கள்.

நம் ஞாயிறுகள் நிலைக்காததற்குக் காரணமும் இதுதான். இந்த மாதம் இந்தத் தெரு, அடுத்த மாதம் வேறு ஊர். ஏற்பாட்டாளர் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பொகோட்டாவில் இது நகராட்சியின் விளையாட்டுத் துறை பார்க்கும் அன்றாட வேலை. குப்பை அள்ளுவதைப் போல, பட்ஜெட்டில் அதற்கு இடம் உண்டு, ஆள் உண்டு.

ஆகவே என் கட்சி இது. தெருவை அடைக்கலாம், அடைக்க வேண்டும். ஆனால் சின்னத் தெருவை முழுசாக அடைத்துத் திருவிழா நடத்துவதைவிட, நீளமான சாலையில் பாதியை, வாரா வாரம், அதே நேரத்துக்கு எடுத்துக்கொள்வது மேல். மேடையும் ஸ்பீக்கரும் வேண்டாம். அந்தச் சாலைக்காரர்களிடம் முதலில் பேச வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி அவர்களிடமே கேட்டு, வேண்டியதை மாற்ற வேண்டும். நடக்க முடியாதவர்கள் தங்கள் வீட்டுக்கு வண்டியில் வந்துபோக ஒரு வழி கட்டாயம் இருக்க வேண்டும்.

சென்னையில் எங்கே என்று கேட்டால், காமராஜர் சாலையிலேயே தொடங்கலாம். மெரினாவை ஒட்டி மூன்று கிலோமீட்டருக்கும் மேல் போகிறது; நடுவில் தடுப்பு இருப்பதால் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வடக்கே ராஜாஜி சாலை வழியாக ராயபுரம் பக்கமும், தெற்கே சாந்தோம் வழியாகப் பட்டினப்பாக்கம் பக்கமும் நீட்டினால், ராயபுரத்துப் பையனும் திருவல்லிக்கேணி மாமியும் பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண்ணும் அவரவர் பேட்டையிலிருந்தே வந்து சேர்ந்துகொள்வார்கள். போக்குவரத்து போலீஸுக்கும் இந்தச் சாலையை அடைப்பது கைவந்த கலை. ஒவ்வொரு ஜனவரியிலும் குடியரசு தின அணிவகுப்புக்கு மட்டுமல்ல, அதன் ஒத்திகைகளுக்கும் அடைக்கிறார்கள். ஊரும் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒத்திகைக்கு வழிவிடத் தெரிந்த நகரத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் பிள்ளைகளுக்கு வழிவிடத் தெரியாதா? மாநகராட்சி கேட்டுப் பார்க்கட்டும். ஒரு முறை கேட்டுவிட்டு ஓய்ந்துவிடாமல், ஒரு வருஷம் நடத்திப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: தெருவோரக் கடைக்காரர்களுக்கு 2014-ல் ஒரு சட்டம் வந்தது. தள்ளுவண்டிக்கு அது என்ன கொடுத்தது?