நீதிபதியின் கதிரையில் ஒரு சிறுமி
திரைப்படங்களினூடாக நான் கண்ட ஈரான்

ஈரான் என்றதும் ஒரு காலத்தில் எனக்கு ஞாபகம் வந்தது ஒரேயொரு காட்சிதான். கறுப்புப் போர்வை அணிந்த பெண்கள் கூட்டமாக நின்று, கையை உயர்த்திக் கோஷமிடும் காட்சி. தொலைக்காட்சிச் செய்திகளில் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அக்கூட்டத்தில் ஒரு பெண்ணின் முகமாவது என் மனதில் பதியவில்லை. அவர்கள் எதற்குச் சிரிப்பார்கள், யாரோடு சண்டை பிடிப்பார்கள் என்றெல்லாம் நான் யோசித்ததும் இல்லை. 'பாவம் அந்தப் பெண்கள்' என்பதற்கு அப்பால் எனக்கு அவர்களைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இருக்கவில்லை.

அந்த எண்ணத்தை மாற்றியது சினிமா. எங்கள் ஊரில் பெண்கள் சிலர் ஒன்றுசேர்ந்து மாதம் ஒருமுறை படம் பார்த்துக் கலந்துரையாடுவது வழக்கம். தமிழரும் முஸ்லிம்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். இரவல் வாங்கிய இறுவட்டுகள்தான். பாரசீக மொழி எங்களில் எவருக்கும் தெரியாது. ஆங்கில உபதலைப்புகளை ஒருவர் தமிழில் உரத்துச் சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பார்ப்போம். மூன்று நான்கு மாதங்கள் தொடர்ந்து ஈரானியப் படங்களே பார்த்தோம். பார்த்தவற்றில் என்னைப் பாதித்த சிலவற்றை மட்டும் இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு சோடிச் சப்பாத்து

முதலில் பார்த்தது மஜீத் மஜீதி நெறிப்படுத்திய 'சொர்க்கத்தின் குழந்தைகள்' (1997). தெஹ்ரானின் தென்பகுதியில் வாழும் ஓர் ஏழைக் குடும்பத்தின் கதை. தைக்கக் கொடுத்த தங்கையின் சப்பாத்தை அண்ணன் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொன்னால் புதிது வாங்கத் தகப்பனிடம் பணமில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே இருக்கின்ற ஒரு சோடியை இருவரும் பங்கிட்டுக் கொள்கிறார்கள். காலையில் தங்கை அணிந்து செல்வாள். பாடசாலை விட்டதும் ஓடிவந்து ஒழுங்கையில் வைத்து அண்ணனிடம் மாற்றிக் கொடுப்பாள். அவன் பிற்பகல் பாடசாலைக்கு ஓடுவான்.

இப்படத்தில்தான் ஒரு ஈரானிய வீட்டினுள் முதன்முதலாக நுழைந்தேன். முற்றத்தின் நடுவே சிறு தண்ணீர்த் தொட்டி, ஒழுங்கையின் ஓரமாக ஓடும் வாய்க்கால், நிலத்தில் விரித்த விரிப்பிலேயே சாப்பாடு, படிப்பு, உறக்கம் எல்லாம். ஓரிடத்தில் தகப்பன் பள்ளிவாசலுக்கான சீனிக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருப்பார். மகள் கொண்டுவந்த தேநீரில் சீனியில்லை. இங்கேதான் இவ்வளவு சீனி கிடக்கிறதே என்கிறாள் மகள். இது எங்களிடம் நம்பித் தந்த பொருள், நமது சீனியைக் கொண்டு வா என்கிறார் தகப்பன். இந்தச் சிறு காட்சி அந்த நாட்டு மக்களைப் பற்றி எனக்குச் சொன்னதை எந்தச் செய்தி அறிக்கையும் சொன்னதில்லை. ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்ட முதலாவது ஈரானியத் திரைப்படமும் இதுவேயாகும்.

உறக்கத்திலும் முக்காடா?

அடுத்தடுத்துப் படங்கள் பார்த்தபோது ஒரு விடயத்தை அவதானித்தேன். வீட்டினுள் சமைக்கும்போதும், பிள்ளையைத் தாலாட்டும்போதும், கட்டிலில் நோயுற்றுக் கிடக்கும்போதும்கூடப் பெண்கள் தலையை மூடியே இருந்தார்கள். ஈரானில் பெண்கள் வாழ்வது இப்படித்தான் போலும் என்று நான் நம்பிவிட்டேன். அதைச் சொன்னபோது எங்களுடன் படம் பார்த்த முஸ்லிம் தோழி சிரித்தார். "ஊட்டுக்குள்ள புருசனுக்கு முன்னால ஆரு புள்ள முக்காடு போடுற?" என்று கேட்டார்.

அவர் சொன்னதே சரி. பின்னர் தேடி வாசித்தபோதுதான் விடயம் விளங்கியது. 1979 ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் ஈரானில் பெண்கள் பொது இடங்களில் தலையை மூடுவது கட்டாயமாக்கப்பட்டது. திரையரங்கும் பொது இடமே. படத்தில் வருவது வீட்டின் படுக்கையறை என்றாலும், அந்த நடிகையை அந்நிய ஆண்கள் பார்க்கிறார்கள் அல்லவா? ஆகவே திரையில் தோன்றும் பெண் எந்நேரமும் தலையை மூடியிருக்க வேண்டும். கணவன் மனைவியாக நடிப்பவர்கள் ஒருவரையொருவர் தொடவும் கூடாது. படம் எடுப்பதற்கும் அனுமதி பெறவேண்டும், எடுத்த படத்தைத் திரையிடுவதற்கும் அனுமதி பெறவேண்டும். சிறுவர்களின் கதைகளை ஈரானிய நெறியாளர்கள் அதிகம் தெரிவுசெய்தமைக்கு இக்கட்டுப்பாடுகளும் ஒரு காரணம் எனலாம்.

எனக்கு இது ஒரு பாடமாயிற்று. படத்தில் காண்பதெல்லாம் அந்த நாட்டின் வாழ்க்கை அல்ல. அதில் தணிக்கையாளரின் கத்தரிக்கோலும் உண்டு. தோழி அன்று சிரிக்காமல் விட்டிருந்தால், செய்தியில் கண்ட ஒரு பொய்த்தோற்றத்துக்குப் பதிலாகச் சினிமாவில் கண்ட இன்னொரு பொய்த்தோற்றத்தை நான் சுமந்து திரிந்திருப்பேன்.

பூட்டிய வீடு

நிஜத்துக்கும் கதைக்கும் நடுவே நிற்கும் ஒரு படம் 'அப்பிள்' (1998). இதனை நெறிப்படுத்திய சமீரா மக்மல்பாப் படப்பிடிப்பைத் தொடங்கியபோது அவருக்கு வயது 17. தெஹ்ரானில் ஒரு தகப்பன் தனது இரட்டைப் பெண்பிள்ளைகளைப் பிறந்த நாள்முதல் சுமார் 11 வருடங்களாக வீட்டினுள்ளேயே பூட்டி வைத்திருந்தார். தாய்க்குக் கண்பார்வை இல்லை. அயலவர்கள் முறையிட்ட பின்னர்தான் விடயம் வெளியே வந்தது. சமீரா அந்த வீட்டுக்கே சென்று, அந்தத் தகப்பனையும் பிள்ளைகளையும் கொண்டே படத்தை எடுத்தார்.

பிள்ளைகளால் சரியாக நடக்கவும் கதைக்கவும் முடியவில்லை. தகப்பனைப் பார்க்க எங்களுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் சமீரா அவரை அரக்கனாகக் காட்டவில்லை. பெண்பிள்ளை பூவைப் போன்றவள், வெளியே விட்டால் வாடிவிடுவாள் என்று உண்மையாகவே நம்புகின்ற ஓர் ஏழை வயோதிபர் அவர். விசாரிக்க வரும் பெண் சமூகசேவை உத்தியோகத்தர் ஒரு காரியம் செய்கிறார். பிள்ளைகளை வீதியில் விளையாட அனுப்பிவிட்டு, தகப்பனை உள்ளே வைத்துப் பூட்டி, இரும்பு அறுக்கும் வாள் ஒன்றைக் கையில் கொடுக்கிறார். நீ போட்ட கம்பியை நீயே அறுத்துக்கொண்டு வெளியே வா என்பதே அதன் அர்த்தம். எங்கள் கூட்டத்தில் அன்று கைதட்டல் எழுந்தது.

நீதிமன்றத்தில் ஒரு கமெரா

என்னை முற்றாக மாற்றியது ஒரு விவரணத் திரைப்படம். 'ஈரானிய முறையில் விவாகரத்து' (1998) என்பது அதன் பெயர். பிரித்தானிய நெறியாளர் கிம் லொங்கினோட்டோவும் ஈரானிய மானிடவியலாளர் சீபா மிர் ஹுசைனியும் இணைந்து எடுத்தது. வெளிநாட்டில் தமது நாட்டுக்கு அவப்பெயர் வந்துவிடும் என்று அதிகாரிகள் தயங்கியதால் அனுமதி பெறவே நீண்ட காலம் சென்றது. எங்களுடைய நாட்டையும் பல வருடங்களாக உலகம் யுத்தக் காட்சிகளினூடாகவே பார்த்து வந்தது. ஆகையால் அந்தத் தயக்கத்தையும் என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது.

படத்தின் பெரும்பகுதி தெஹ்ரானில் உள்ள ஒரு குடும்ப நீதிமன்ற அறையில் நடக்கிறது. மேசைக்குப் பின்னால் ஒரு மார்க்க அறிஞர் நீதிபதியாக அமர்ந்திருக்கிறார். முன்னால் கணவன் மனைவியர். அந்நாட்டுச் சட்டப்படி கணவன் காரணம் காட்டாமலே விவாகரத்துக் கோரலாம். மனைவியோ காரணத்தை நிரூபிக்க வேண்டும். தாய் மறுமணம் செய்தால் பிள்ளைகளைப் பராமரிக்கும் உரிமையை இழப்பாள். இவ்வளவையும் கேட்டால் அப்பெண்கள் அழுதுகொண்டு மூலையில் நிற்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அவர்களோ வாதாடினார்கள்! நீதிபதியிடம் கெஞ்சினார்கள், நகைச்சுவையாகக் கதைத்தார்கள், பொய்யும் சொன்னார்கள். 16 வயதான ஒரு பெண், தன்னிலும் இருமடங்குக்கு மேல் வயதான கணவனிடமிருந்து விடுதலை கேட்டு, இரு குடும்பத்துப் பெரியவர்களின் முன்னிலையிலும் தானே பேரம் பேசுகிறாள். விவாகரத்து வழங்கினால் கணவன் மஹர் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். அதனைக் கையில் பிடித்துக்கொண்டு, 'மஹரை விடுகிறேன், என்னை விடு' என்று பெண்கள் விடுதலையை வாங்குகிறார்கள். தங்களுக்கு எதிராக எழுதப்பட்ட சட்டத்தின் ஓட்டைகளை அவர்கள் நன்றாகவே அறிந்து வைத்திருந்தார்கள்.

எல்லோரும் வெல்லவில்லை. மறுமணம் செய்த ஒரு தாய் தன் மகளைத் தன்னிடம் தரும்படி போராடுகிறார். நீதிமன்றக் கட்டளைத் தாளை அவரே கிழித்துவிட்டு, நான் கிழிக்கவில்லை என்று சாதிக்கிறார். சட்டத்தின் முன் அது குற்றம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த எங்களில் எவருக்கும் அவரைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. படம் முடிந்தபோது, முன்னர் சிரித்த அதே தோழி மெல்லச் சொன்னார்: "இது நம்மட காதிக் கோட்டைப் போலதான் இரிக்கி." அவர் தனது சகோதரியின் வழக்குக்காகப் பல தடவை அலைந்தவர் என்பதை அன்றுதான் நாங்கள் அறிந்தோம். பக்கத்தில் இருந்தவரின் கதையை எனக்குச் சொல்ல ஈரானிலிருந்து ஒரு படம் வரவேண்டியிருந்தது.

சனாதிபதி வேட்பாளருக்கு வாடகை வீடு இல்லை

ஈரானியப் பெண் நெறியாளர்களில் முக்கியமானவர் ரக்ஷான் பனி எத்தெமாத். 2001 ஆம் ஆண்டின் சனாதிபதித் தேர்தலைப் பற்றி அவர் எடுத்த விவரணப்படம் 'எங்கள் காலம்' (2002). அத்தேர்தலில் நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேட்பாளர்களாகப் பதிவுசெய்தார்கள். ஒருவரையும் காவலர் சபை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்களுள் ஓர் இளம் தாயைக் கமெரா பின்தொடர்கிறது. தனித்து வாழும் அப்பெண், மகளுடனும் பார்வையற்ற தாயுடனும் வாடகை வீடு தேடித் தெஹ்ரான் முழுவதும் அலைகிறார். ஆண்துணை இல்லாத பெண்ணுக்கு வீடு தர எவருக்கும் விருப்பமில்லை. நாட்டின் தலைமைப் பதவிக்கு விண்ணப்பித்த பெண்ணுக்குக் குடியிருக்க இரண்டு அறை கிடைக்கவில்லை. இதைப் பார்த்தபோது எங்களில் விதவைகளாகவும் கணவனைப் பிரிந்தும் வாழ்ந்தவர்கள் எதுவும் பேசவில்லை. அவர்களுக்கு அது புதிய கதையல்ல.

ஜபார் பனாஹியின் 'ஓஃப்சைட்' (2006) இதே விடயத்தைச் சிரிக்க வைத்துச் சொல்கிறது. உதைபந்தாட்டம் பார்ப்பதற்காக ஆண்வேடமிட்டு மைதானத்துக்குச் சென்று பிடிபடும் பெண்பிள்ளைகளின் கதை. 2005 ஆம் ஆண்டு யூன் மாதம் ஈரானும் பஹ்ரைனும் மோதிய உண்மையான போட்டியின்போதே இதன் பெரும்பகுதி படமாக்கப்பட்டது. அந்த மைதானத்தின் பெயர் 'ஆசாதி'. அப்படியென்றால் சுதந்திரம் என்று அர்த்தம்! பெண்பிள்ளைகளைக் காவல் காக்கும் கிராமத்துச் சிப்பாய்க்கோ ஊரில் உள்ள தாயையும் மாடுகளையும் பற்றிய கவலை. அவனும் ஒரு கைதி போலவே நிற்கிறான். இப்படம் ஈரானில் தடைசெய்யப்பட்டது. 2010 இல் பனாஹிக்குச் சிறைத்தண்டனையும், 20 வருடங்கள் படம் எடுக்கத் தடையும் விதிக்கப்பட்டன. அவர் எடுப்பதை நிறுத்தவில்லை. 2025 இல் கான் திரைப்பட விழாவின் அதியுயர் விருதைப் பெற்றார்.

படத்தில் சிரிப்பாக இருந்தது வாழ்க்கையில் அப்படி இருக்கவில்லை. ஆண்வேடத்தில் மைதானத்தினுள் செல்ல முயன்று கைதான ஓர் இளம்பெண், 2019 செப்ரெம்பரில் நீதிமன்றத்துக்கு வெளியே தனக்குத் தானே தீ மூட்டிக்கொண்டு உயிரிழந்தார். அடுத்த மாதம் கம்போடியாவுடனான போட்டியைக் காண ஆயிரக்கணக்கான பெண்கள் ஆசாதி மைதானத்துக்குள் அனுமதிக்கப்பட்டனர்.

அந்தச் சிறுமி

விவாகரத்துப் படத்தில் ஒரு காட்சியை நான் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தேன். நீதிமன்றப் பெண் எழுதுவினைஞரின் சிறிய மகள் பாடசாலை விட்டதும் அங்கேயே வந்து இருப்பாள். வழக்குகளை எல்லாம் பார்த்துக் கொண்டிருப்பாள். ஒருநாள் நீதிபதி வெளியே போனதும் அவரது கதிரையில் ஏறி அமர்கிறாள். இல்லாத ஒரு கணவனை முன்னால் நிறுத்தி, மனைவியை ஏன் துன்புறுத்துகிறாய் என்று அதட்டி விசாரிக்கிறாள்.

பிள்ளை விளையாட்டுத்தான். ஆனால் அக்கதிரைக்கு ஒரு வரலாறு உண்டு. ஷிரின் எபாடி ஈரானின் முதற் பெண் நீதிபதிகளுள் ஒருவர். 1979 இன் பின்னர் பெண்கள் தீர்ப்பளிக்கக் கூடாது என்று கூறி, அவரைப் பதவியிறக்கி எழுதுவினைஞராக்கினார்கள். பின்னர் சட்டத்தரணியாக வாதாடிய அவர், 2003 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். எங்கள் நாட்டிலும் 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதியாக ஆண் ஒருவரையே நியமிக்கலாம் என்று எழுதி வைத்தது. அந்தக் கதிரையைத் தூரத்து நாட்டுக் கதிரை என்று நாங்கள் எப்படிச் சொல்வது?

2022 செப்ரெம்பரில், தலையைச் சரியாக மூடவில்லை என்று கைதுசெய்யப்பட்ட 22 வயதான மாஷா அமினி பொலிஸ் காவலில் இருந்தபோது மயங்கி வீழ்ந்து, பின்னர் வைத்தியசாலையில் உயிரிழந்தார். தெருவெங்கும் பெண்கள் இறங்கினார்கள். செய்தியில் மீண்டும் ஒரு கூட்டம், உயர்ந்த கைகள், கோஷம். இம்முறை நான் முகம் முகமாகப் பார்த்தேன். சப்பாத்து மாற்றிய தங்கை, வீடு தேடிய தாய், பேரம் பேசிய பதினாறு வயதுப் பெண், எல்லோரும் அதற்குள் நிற்பது போலிருந்தது. கதிரையில் ஏறிய அந்தச் சிறுமிக்கு இப்போது முப்பது வயது கடந்திருக்கும். அவளும் அங்கே நின்றிருப்பாளோ என்று இன்னும் யோசிக்கிறேன். பாவம் என்று மட்டும் நினைக்க என்னால் முடியவில்லை.

வாசகிகளே, இப்படங்கள் கிடைத்தால் தனியாகப் பார்க்காதீர்கள். நான்கு பேராகச் சேர்ந்து பாருங்கள். பார்த்து முடிந்ததும் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருப்பவர் சொல்வதையும் கேளுங்கள்.