மூன்று வாசல்களுக்கு ஒரே பெயர்



உங்களில் அநேகர் கடை வைத்திருக்கிறீர்கள். சிலருக்கு இரண்டு மூன்று கிளைகளும் உண்டு. "கைப்பேசியில் தேடினால் எங்கள் கிளை வருவதில்லையே, ஏன்?" என்று நம்மிடம் கேட்டவர்கள் உண்டு. மருத்துவமனைப் போதகர்களிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைக்க வேண்டாம். மருந்துச் சீட்டும் கையுமாக, வார்டு வராந்தாவில் நின்று, திறந்திருக்கும் கடையைக் கைப்பேசியில் தேடுகிறவர்களை நாம் அன்றாடம் பார்க்கிறோம். கடைக்காரருக்கு வியாபாரமாக இருப்பது அவர்களுக்கு அந்த இரவின் அவசரம்.

உதாரணத்திற்கு, ஒரு மருந்துக்கடைக்கு மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் கிளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லஸ் முனையில் நிற்கும் ஒருவர் 'மருந்துக்கடை' என்று தேடுகிறார். எதை முதலில் காட்டுவது என்று தீர்மானிக்க கூகுள் முக்கியமாக மூன்று காரியங்களைப் பார்க்கிறது: தேடிய பொருளுக்குக் கடை பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட கடை. இந்த வரிசையில் பணம் கொடுத்து மேலே வர முடியாது என்று கூகுளே சொல்லுகிறது. விளம்பரம் வேறு, அதற்குத் தனிக் குறியிட்டுக் காட்டுவார்கள். ஆகவே "முதல் இடம் வாங்கித் தருகிறோம்" என்று தொலைபேசியில் அழைப்பவர்களிடம் தயவாய் எச்சரிக்கையாயிருங்கள்.

கடைக்காரர் கையில் இருப்பது கிளைப் பதிவு. இந்த இலவச வசதி 2014இல் 'கூகுள் மை பிசினஸ்' என்ற பெயரில் வந்தது. 2021 முதல் 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என்று அழைக்கப்படுகிறது. மூன்று கிளைகளுக்கு மூன்று பதிவுகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் அந்தந்தக் கிளையின் விலாசம், நேரம், தொலைபேசி எண் இருக்க வேண்டும். அநேகர் மூன்றுக்கும் தலைமைக் கடையின் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். மயிலாப்பூர்க் கிளைக்கு என்று நினைத்து அழைப்பவருக்கு தி.நகரிலிருந்து "மருந்து இருக்கிறது" என்று பதில் வரும். அவர் மயிலாப்பூர்க் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவார்.

பெயரிலும் ஒரு சங்கதி உண்டு. பலகையில் இல்லாத ஊர்ப்பெயரையும் சரக்குப் பெயரையும் பதிவில் சேர்ப்பது கூகுளின் விதிக்கு விரோதம், பதிவே முடக்கப்படலாம். அப்படியானால் அடையாறு ஆனந்த பவன்? அது அவர்களுடைய உண்மையான பெயர். பெங்களூரிலும் பலகையில் அப்படியே இருக்கிறது. அங்கே 'அடையாறு' என்பது இடத்தைச் சொல்லவில்லை. கிளை எங்கே இருக்கிறது என்று சொல்லுவது விலாசமும் வரைபடத்தில் குத்திய புள்ளியும்தான்.

நம் சென்னையில் விலாசமே ஒரு சோதனை. ஒரே வாசலுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. அடையாறில் எல்.பி. ரோடு என்று எல்லாரும் சொல்லுகிற சாலைக்கு கல்கி கிருஷ்ணமூர்த்தி சாலை என்றும் பெயர். தி.நகர், தியாகராய நகர் ஆகிய இரண்டும் புழக்கத்தில் உள்ளன. ஏதாவது ஒரு விதத்தைத் தெரிந்துகொண்டு, பின்கோடுடன் (மயிலாப்பூர் 600004, தி.நகர் 600017, அடையாறு 600020) பதிவிலும் இணையதளத்திலும் ஜஸ்ட் டயலிலும் ரசீதிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். உஸ்மான் சாலைப் பக்கத்துச் சந்தில் வாசல் இருந்தால், புள்ளியைப் பெரிய சாலையில் வைக்காமல் வாசலிலேயே வையுங்கள். இணையதளத்தில் ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பக்கம் இருப்பது நல்லது. பேருந்து நிறுத்தம், மாடிப்படி, வாகனம் நிறுத்துமிடம் ஆகியவற்றை அதில் எழுதலாம்.

வாடிக்கையாளர் கருத்துகளும் கிளைவாரியாகவே சேரும். தி.நகருக்குக் கிடைத்த நற்பெயர் அடையாறு பதிவில் ஏறாது. வருகிறவர்களைக் கருத்து எழுதும்படி கேட்கலாம். அதற்குத் தள்ளுபடியோ பரிசோ கொடுப்பது கூடாது. குறை எழுதினவருக்கு அந்தக் கிளையை அறிந்தவரே மரியாதையாய்ப் பதில் எழுதட்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் அலட்சியம் செய்யப்படுவது நேரம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாளில் ஒரு கிளை மூடியும் மற்றொன்று திறந்தும் இருக்கும். பதிவில் 'சிறப்பு நேரம்' என்றும் 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்றும் குறிக்க வசதி உண்டு. சில நிமிட வேலைதான். அதைச் செய்யாவிட்டால், முழங்கால் தண்ணீரில் ஒருவர் பூட்டிய கதவுவரை நடந்து வருவார்.

பத்தும் அதற்கு மேலும் கிளைகள் உள்ளவர்கள் மொத்தமாகச் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். பெரும்பாலும் கடையை வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லுகிறார்கள்.

பதிவு முடிந்தபின், தி.நகர் அலுவலகத்தில் உட்கார்ந்து அடையாறு கிளையைத் தேடி மனம் சோராதீர்கள். தேடுகிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து விடை மாறும். மாதம் ஒருமுறை திரு.வி.க. பாலத்தைத் தாண்டிப் போய், கிளை வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்று, கடைப் பெயரைச் சொல்லாமல் சரக்கின் பெயரைச் சொல்லித் தேடிப் பாருங்கள். அங்கே தெரிவதுதான் அந்தத் தெருவாருக்குத் தெரிவது.