ஒரு சட்டைப் பொத்தானின் விலை

பழைய சட்டையில் இருக்கும் சிப்பிப் பொத்தானைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என நிறம் மாறும். அது சாயம் அல்ல. முத்துச்சிப்பி தன் ஓட்டின் உட்புறத்தில் சுண்ணாம்புப் பொருளை மிக மெல்லிய தகடுகளாக அடுக்குகிறது. அந்த அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போதுதான் வண்ணங்கள் தோன்றுகின்றன. முத்தும் இதே பொருளால் ஆனதுதான்.

பிளாஸ்டிக் பொத்தான் பரவும்வரை இந்தச் சிப்பியைப் பெருமளவில் உலகுக்கு அனுப்பிய ஊர், மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம். 1910 வாக்கில் அங்கு ஏறக்குறைய 400 படகுகள் இருந்தன. முத்து கிடைத்தால் அதிர்ஷ்டம். நிலையான வருமானம் சிப்பி ஓட்டில்தான்.

கடலில் இறங்கியவர்கள் ஜப்பானியர், மலாய்க்காரர், பிலிப்பினோக்கள், தீமோர்த் தீவினர். ஒப்பந்தக் கூலிகளாகச் சிங்கப்பூரில் சேர்க்கப்பட்டுக் கப்பலேறியவர்களும் உண்டு. ஆசியர்களுக்குக் கதவடைத்த 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை, மலிவான உழைப்புக்காக இத்தொழிலுக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் உடலில் நைட்ரஜன் குமிழ்கள் உண்டாகும். அதனால் பலர் முடமாயினர், பலர் மாண்டனர். புயலும் பலரைக் கொண்டுபோனது. புரூமின் ஜப்பானியர் இடுகாட்டில் மட்டும் 900 பேருக்கு மேல் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

ஒப்பந்தத்திலும் கங்காணி மூலமும் வந்து ரப்பர்த் தோட்டங்களை உருவாக்கியவர்களின் பிள்ளைகளான நமக்கு, இது அந்நியக் கதை அல்ல.

பாட்டியின் பெட்டியில் சிப்பிப் பொத்தான் இருந்தால் வீசிவிடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். வினிகர், எலுமிச்சை வேண்டாம். புளிப்பு அதன் பளபளப்பை அரித்துவிடும்.