எலிப் பாஷாணமும் எலியின் உயிரும்

வெள்ளைப் பாஷாணம் என வைத்தியர் வழங்கும் ஆசனிக்குச் சேர்வையை எலிப் பாஷாணம் என்றும் நம்மவர் அழைப்பர். எலியைக் கொல்ல அதனையே இட்டனர். அப்பாஷாணம் சுண்டெலியைப் பிழைப்பித்து, அவ்வழியே மனிதரையும் பிழைப்பித்த வரலாறு ஒன்றுண்டு.

இரத்தப் புற்றுநோய்களுள் புரோமையலோசைற்றிக் லூக்கீமியா என்பது மிகக் கொடியது. இதில் 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்கள் ஒடிந்து, தம் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் இரு பரம்பரையலகுகள் ஒட்டிப் புதியதொன்று பிறக்கின்றது. அது ஆக்கும் கலப்புப் புரதம் வெண்குருதிக் கலங்களை முதிரவிடாது தடுக்கும். முதிராக் கலங்கள் என்பு மச்சையை நிறைக்க, குருதி உறையாது பெருகி, நோயாளி சில நாள்களிலேயே இறத்தலும் உண்டு.

1997இல் அமெரிக்க ஆய்வுகூடங்கள் சில, இவ்வொட்டலகைச் சுண்டெலியின் கருக்கட்டிய முட்டையுட் புகுத்தின. அவ்வாறு பிறந்த எலிகளுட் சிலவே நோயுற்றன. அவையும் பல மாதம் கழித்தே. ஒட்டலகு மாத்திரம் போதாது, வேறு மாற்றங்களும் கூடவேண்டும் என்பது இதனாற் புலனாயிற்று. கண்ணாடிக் குழாயில் வளரும் கலம் இதனைச் சொல்லியிராது.

மருந்தோ முன்னரே இருந்தது. ஹார்பின் நகரச் சீன வைத்தியர் 1970களிலேயே பாஷாணத்தைக் கையாண்டனர். ஷாங்காய் வைத்தியர், விற்றமின் ஏயின் இனமான றெற்றினோயிக் அமிலத்தால் நோய்க்கலங்களை முதிரச் செய்து, 1988இல் அதனை வெளியிட்டனர். இரண்டும் அக்கலப்புப் புரதத்தையே சிதைப்பன. சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுக்கொன்று துணையாகுமா, தடையாகுமா? குழாயில் வளர்ந்த கலங்கள் தந்த விடை ஒருமுகப்படவில்லை. 1999இல் பாரிஸ் அறிஞர், நோயுற்ற அவ்வெலிகளின் கலங்களை வேறு எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தனர். மருந்துகளைத் தனித்தனியே கொடுத்தபோது ஆயுள் நீண்டது. சேர்த்துக் கொடுத்தபோது நோயே வேரற்றது.

நோயுறவென்றே ஓருயிரைப் பிறப்பித்தல் தகுமோ எனின், என் மனம் முற்றும் அமைதியுறவில்லை. ஆயினும், அவ்வெலிகளின்றியும் இவ்விடை இத்துணைத் தெளிவாய்க் கிட்டியிருக்கும் எனச் சொல்லத் துணியேன்.

இத்தாலியிலும் ஜேர்மனியிலும் நடந்த சிகிச்சை ஆய்வின் முடிவு 2013இல் வெளியாயிற்று. நோய் மிக முற்றாதோருக்கு, வழக்கமான புற்றுநோய் மருந்துகளை நீக்கி, இவ்விரண்டையுமே கொடுத்தனர். ஈராண்டின் பின்னும் நோய் மீளாது வாழ்ந்தோர் நூற்றுக்கு 97 பேர். றெற்றினோயிக் அமிலத்தோடு பழைய மருந்துகளைப் பெற்றோருள் 86 பேர்.

இதனைக் கேட்டுப் பாஷாணத்தை வீட்டு மருந்தாக்க எவரும் முனையற்க. உடல் நிறையின் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் என அளந்து, நாளத்தினூடு மெல்ல ஏற்றி, இருதயத் துடிப்பைக் கருவியாற் கண்காணித்தே மருத்துவமனையில் அதனைக் கொடுக்கின்றனர்.